ஒத்தைத் தட்டு

முதலாளி வீட்டு வராந்தாவைத் தாண்டி வெளியே வந்தபோது தவசிமுத்துவின் ரெண்டு கையிலும் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. தட்டில் கரை வேட்டி ஒன்று, அதன் மேல் துண்டு, துண்டின் மேல் ஒரு பிடி வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ரெண்டு வாழைப்பழம். உள்ளே போகும்போது வெறுங்கையோடு போனவன். பேசப் போனவன். போன காரியத்தைப் பற்றி முழுசாக ஒரு வார்த்தை பேசாமல் தட்டோடு வெளியே வந்து நிற்கிறான்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் எல்லாரும் காத்துக் கிடக்கிறார்கள் என்று தெரியும். கால்தான் நகர மாட்டேன் என்றது.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனிகளில் அதுவும் ஒன்று. தறியில் இருந்து வருகிற பழுப்பு வலைத்துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பிளீச்சிங் தொட்டியில் ஊறப்போட்டு வெளுத்து, அலசிக் காயவைத்து, சுருட்டி, நறுக்கி, நீலக் காகிதத்தில் பொதிந்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். தவசிமுத்து தொட்டிக்காரன். கல்யாணமான வருஷம் தொட்டிப் பக்கம் வந்து நின்றவன், இப்போது அம்பதைத் தொடப் போகிறான். விரல் நுனியில் ரேகை கிடையாது. இருமினால் ரெண்டு வீட்டுக்குக் கேட்கும்.

தொட்டிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கதவு உண்டு. ஆட்கள் அது வழியாக நழுவிப் போய் பீடி குடிக்கிறார்கள் என்று ஒரு நாள் பூட்டுப் போட்டார்கள். ஆவணி மாசத்து வெக்கையில் நெடி வெளியே போக வழியில்லாமல் கொட்டகைக்குள்ளேயே சுழன்றது. அலசுகிற வேலைக்கு நின்ற கிருபாபாய் நின்ற வாக்கிலேயே சுருண்டு விழுந்தாள். துணி சுருட்டுகிற கூடத்தில் இருந்து ஓடிவந்த வெள்ளைத்தாய் எடைக்கல்லைத் தூக்கிப் பூட்டின் மேல் ஒரே போடாகப் போட்டாள். அந்த வழியாகத்தான் தவசிமுத்து கிருபாபாயைத் தூக்கிக்கொண்டு காற்றுக்கு ஓடினான். கிருபாபாய் பிழைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் வெள்ளைத்தாயைக் கேட்டிலேயே நிறுத்தி, கம்பெனிச் சாமானை உடைத்தவளுக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கதவைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள்.

அவள் கத்திரி மட்டும் துணி சுருட்டுகிற மேஜையில் கிடந்தது. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். ஆயுத பூஜைக்கு அவரவர் கத்திரியை அவரவர் கையால்தான் பொட்டு வைத்துப் படையலில் வைக்க வேண்டும். வைக்காத கத்திரிக்கு அந்த வருஷம் வேலை கிடையாது. அதனால்தான் பூஜைக்கு முந்தின நாள் காலையில் டீக்கடையில் எல்லாரும் கூடிப் பேசி, இருக்கிறவர்களில் மூத்தவன், வாய் அதிராதவன், முதலாளியே பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் என்று தவசிமுத்துவை அனுப்பினார்கள். வெள்ளைத்தாயைத் திரும்ப எடுக்க வேண்டும். அது ஒன்றுதான் பேச்சு.

முதலாளி வைகுண்டராஜ் கடுகடுப்பானவர் இல்லை. "வா தவசி, உனக்காகத்தான் உக்காந்திருக்கேன்," என்றார். உள்ளே பார்த்து, "மஜ்ஜிக," என்று தெலுங்கில் ஒரு குரல் கொடுத்தார். பெருங்காயம் போட்ட மோர் வந்தது. தவசிமுத்து அண்ணாந்து குடித்து முடிப்பதற்குள் பின்னாலேயே தட்டும் வந்துவிட்டது.

"முதலாளி, நான் வந்தது வெள்ளைத்தாய் விஷயமா…"

"தெரியும்ப்பா. முதல்ல இதைப் பிடி. நல்ல நேரம் போயிட்டிருக்கு. வாங்கிட்டு சாவகாசமாப் பேசுவோம்."

வெற்றிலை வைத்து நீட்டின தட்டை வாங்காமல் நிற்பதற்கு இந்தக் கைகளுக்குப் பழக்கமில்லை. குனிந்து வாங்கினான்.

"நாளையில இருந்து நீதான் மேஸ்திரி. தொட்டிப் பக்கமே போக வேண்டாம். வெளிய நின்னு ஆளுகளைப் பாத்துக்க. உன் இருமல் எனக்கும் கேக்குது தவசி."

"அந்தப் பொண்ணு, முதலாளி…"

"அதான் வெத்தல வாங்கியாச்சில்ல," என்று முதலாளி சிரித்துக்கொண்டே எழுந்தார். "வெத்தல வாங்கின பிறகு மறுபேச்சு எந்த ஊர்ல இருக்கு?"

அது சரிதான். எந்த ஊரிலும் இல்லை. நிலம் கைமாறினாலும், பெண் நிச்சயமானாலும், பங்காளிச் சண்டை தீர்ந்தாலும் வெற்றிலை கைக்கு வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இவன் பேச்சைத் தொடங்கும் முன்பே கை போய் அதை முடித்துவிட்டது.

வேப்பமரத்தடியில் உக்கிரபாண்டிதான் முதலில் பார்த்தான். காஸ்டிக் மூட்டை தூக்குகிற இளவட்டம். வாய் சும்மா இருக்காது.

"ஏலே, அண்ணாச்சி தட்டோட வாராரு. சோலி முடிஞ்சிட்டு. வேட்டி வேற இருக்குலே. வெள்ளைத்தாய்க்கு வேலை கேக்கப் போனாரா, மாப்பிள்ளை பாக்கப் போனாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். கிருபாபாய் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன சொன்னாரு அண்ணாச்சி?"

தவசிமுத்து தட்டை ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றினான். பிறகு தானாக ஒரு சொல் வந்தது. "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்னாரு."

அந்தச் சொல் இந்தப் பக்கத்தில் எல்லார் வாயிலும் புழங்குகிற சொல். பெண்ணைப் பார்த்துப் பிடிக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் கலந்துக்கிட்டுச் சொல்லுதோம் என்பார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போய் ஆளைப் பிடிக்காவிட்டால் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்வார். அவர் ஒண்டிக்கட்டையாக இருப்பார், கலந்துகொள்ள வீட்டில் பூனைகூட இருக்காது. பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பசுமாட்டை விற்று வந்தவன்கூட வெளியே கலந்துக்கிட்டுத்தான் செஞ்சோம் என்பான். கேட்கிறவனும் மேலே தோண்ட மாட்டான். அப்படி ஒரு மரியாதை அதற்கு.

கிருபாபாய் தோண்டினாள். "கலந்துக்கிட்டுச் சொல்லுதவரு வெத்தலைய எதுக்கு இப்பமே குடுத்தாரு?"

"பூஜைக்கு… மூத்த ஆளுன்னு ஒரு மரியாதை."

அவள் வெற்றிலையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப வெள்ளைத்தாய்ட்ட யாரு சொல்லுதது? நாளைக்கு அவ கத்திரிக்குப் பொட்டு வைக்கணுமா வேண்டாமா?"

"நானே போறேன்," என்று சொல்லிவிட்டு அங்கிருந்து கழன்றான்.

வீடு முடங்கியாறு ரோட்டுப் பக்கம். செல்லக்கனி தட்டைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். அவன் சொன்னதைக் கேட்டதும் அவள் முகத்தில் வெளிச்சம் ஏறினது. வேட்டியை விரித்துக் கரையைத் தடவினாள். ஒரு வெற்றிலையை எடுத்துத் தொடையில் துடைத்துக் காம்பைக் கிள்ளப் போனாள்.

"வெத்தலைல கை வைக்காதட்டி."

"ஏன், விஷமா தடவியிருக்கு?"

"வாயில போட்டுட்டா முடிஞ்சிட்டு. பொறவு ஒண்ணும் செய்ய ஏலாது."

"என்ன செய்யணும்ங்கிய?" அவள் வெற்றிலையைத் தட்டில் போட்டாள். "தொட்டியை விட்டு வெளிய வாரதுக்கு ஒரு வழி வந்திருக்கு. ராத்திரி நீங்க இருமும்போது நான் மோட்டு வளையப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். அது உங்களுக்குத் தெரியுமா?"

"என்னைக் கேட்டுட்டாட்டி குடுத்தாரு? நான் போனது வேற காரியத்துக்கு."

"குடுக்கிறவுக கேட்டுட்டா குடுப்பாக?"

"ஒரு வார்த்தை கேக்கணும்ல."

"அடேயப்பா," என்றாள் செல்லக்கனி. "என்னைக் கெட்டிக்கிட்டு வந்தப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டீகளா? எங்கய்யா குடுத்தாரு, நீங்க வாங்கிக்கிட்டீக. இந்த ஊருல கேட்டுக் குடுத்தது எது?"

துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வெற்றிலையை அதில் சுற்றினான். வாடக் கூடாது என்று அவனுக்குத் தோன்றினது. வாடிவிட்டாலும் வாயில் போட்டதற்குச் சமம்தான் என்று என்னவோ ஒரு பயம். எல்லாவற்றையும் தட்டோடு சேர்த்து ஒரு மஞ்சப் பையில் திணித்துக்கொண்டான். வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். செல்லக்கனி மேல் நம்பிக்கை இல்லை. தன் மேலேயும் இல்லை.

"அதையும் தூக்கிக்கிட்டு எங்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு."

"ஆண்டாளுக்கா சாத்தப் போறீக?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவனால் சாய்ந்து உட்கார முடியவில்லை. பையை மடியில் வைத்தான், காலுக்கு நடுவில் வைத்தான், மறுபடி மடிக்கு எடுத்தான். பக்கத்து ஆள் ரெண்டு தடவை முறைத்துவிட்டார்.

போன வருஷம் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்ததில் இருந்து அவனுக்கு ஒரு வியாதி. கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாசித்தாக வேண்டும். மில் சுவரில் இருப்பதை, லாரிக்குப் பின்னால் இருப்பதை, டீக்கடைத் தகரத்தில் இருப்பதை உதடு அசைய வாசித்துக்கொண்டே வருவான். வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டால் மீதி என்னவாக இருக்கும் என்று அடுத்த ஊர் வரைக்கும் மனசு கிடந்து அடிக்கும். இன்றைக்கு வெளியே பார்க்கவே பிடிக்கவில்லை. பைக்குள் கையை விட்டு வெற்றிலை ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். விரல் தட்டின் விளிம்பில் பட்டது. சொரசொரப்பாக இருந்தது. பாத்திரக்கடையில் பேர் வெட்டின புள்ளி எழுத்து.

தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தான். ஆயுத பூஜை 1992. அது சுலபமாக வந்தது. மேஸ்திரி தவசிமுத்துவுக்கு. தன் பேரை வாசிக்கும்போது எப்போதும் வருகிற சிரிப்பு இப்போது வரவில்லை. அதற்கடுத்து கம்பெனி பேர். கடைசியில் வழங்கியது.

வழங்கியது. வகுப்பில் வந்த சொல்தான். அப்போதே அது அவனுக்குப் பிடிபடவில்லை. வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் வழங்குவதில்லை. சாமிக்குச் சாத்துவோம், முன்னோருக்குப் படைப்போம், பெண்ணைக் குடுப்போம், மொய் எழுதுவோம், நாய்க்குப் போடுவோம், பக்கத்து வீட்டுக்குக் குழம்பு ஊத்துவோம். எங்கே வழங்குவது? சொல்லிக் கொடுக்க வந்த பங்கஜவல்லி டீச்சர் காலேஜில் படிக்கிற பிள்ளை. செத்த நேரம் யோசித்துவிட்டு, "மேல இருக்கிறவங்க கீழ இருக்கிறவங்களுக்கு மரியாதையாக் குடுக்கறது," என்று சொன்னாள். கீழே இருக்கிறவன் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு என்ன சொல் என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பூஜை சமயத்தில் பேர் வெட்டக் கொடுத்தால் அன்றைக்கே கிடைக்காது. கடைகளில் குடமும் தட்டும் குவிந்து கிடக்கும். நேற்றோ முந்தாநாளோ கொடுத்திருந்தால்தான் இன்றைக்குக் கைக்கு வரும். இவனைப் பேச அனுப்புவது என்று டீக்கடையில் முடிவானது இன்று காலையில். கூட்டம் கூடினால் இவனைத்தான் அனுப்புவார்கள் என்று முதலாளி முன்னமே கணித்திருக்கிறார். இவன் பேசப் போவதற்கு முன்னாலேயே இவன் பேச்சு முடிந்துபோய்த் தட்டில் வெட்டிக் கிடந்திருக்கிறது. மோர் குடிக்கும்போது அது அடுத்த அறையில் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

தட்டைப் பைக்குள் போட்டான். உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மம்சாபுரம் விலக்கில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்து, வெள்ளைத்தாயிடம் சொல்லாமல் முடியாது என்று மறுபடி உட்கார்ந்தான். அவள் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிப் பக்கம் ஒரு பால்கோவாக் கடையில் ஏனம் கழுவுகிறாள்.

கடைக்குப் பின்னால் சந்தில், ஒரு பெரிய இருப்புச் சட்டிக்குள் பாதி உடம்பை விட்டுச் சுரண்டிக்கொண்டு இருந்தாள். தலையை வெளியே எடுத்து அவனைப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, பால்கோவா வேணும்னா முன்பக்கம் போங்க. இங்க கழுவுன தண்ணிதான் இருக்கு."

"உன்னைத்தான் பாக்க வந்தேன் தாயி."

அவன் பையைத் திறந்து காட்டினான். நடந்ததை நடந்தபடி சொன்னான். மோர் குடித்தது, தட்டு வந்தது, கை நீட்டினது, வேப்பமரத்தடியில் பொய் சொன்னது, எல்லாம். சொல்லச் சொல்ல அவள் கையில் இருந்த தேங்காய் நார் நின்றுவிட்டது.

"மேஸ்திரி ஆயிட்டீக," என்றாள். "நல்லதுதான். அப்ப வெள்ளைத்தாய உள்ள விடாதங்கிற மொத உத்தரவு உங்க வாயில இருந்துதான் வரும். அதைச் சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீகளாக்கும்."

"அப்படி இல்லட்டி. வெத்தலைய வாங்கிட்டேனே. வாங்கின கையை என்ன செய்யட்டும்?"

"தொட்டியில முக்குங்க. வெளுத்துரும்."

அவள் மறுபடி சட்டிக்குள் குனிந்து வேகமாகத் தேய்த்தாள். உள்ளே இருந்து குரல் வந்தது.

"எல்லாம் என் ராசி. தட்டு வந்து கெட்டுப்போறது எனக்கு இது ரெண்டாவது. மம்சாபுரத்துக்கு என்னைய நிச்சயம் பண்ண வந்தாகள்ல, ஞாபகம் இருக்கா? மாப்பிள்ளை வீட்டுத் தட்ட எங்கய்யா வாங்கிட்டாரு. எங்க தட்ட எங்க மாமன் எடுத்து நீட்டுததுக்குள்ள சண்டை. எந்தச் சித்தப்பனையோ வான்னு கூப்பிடலையாம். அவிய பாட்டுக்கு எந்திரிச்சிப் போயிட்டாவ. மறுநாளு எங்கய்யா தலையில கை வச்சுக்கிட்டாரு, வெத்தலைய வாங்கிட்டேனே, இனி வேற இடத்துக்கு இவளைக் குடுக்க ஏலாதேன்னு. அப்ப ஊர்ல ஒருத்தரு கேட்டாரு, எத்தனை தட்டுய்யா கை மாறுச்சுன்னு. ஒண்ணுதான்னாரு எங்கய்யா. ஒத்தைத் தட்டுல காரியம் எங்க முடியும், உம்ம தட்டு போகலைல்லா, போய் வேலையப் பாருமுன்னு அத்துவிட்டுட்டாரு."

தேய்க்கிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. சட்டிக்குள் இருந்து தலை மெதுவாக வெளியே வந்தது. முகத்தில் கரி.

தவசிமுத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நம்ம தட்டு இன்னும் போகலயே," என்றான்.

திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இருந்த எழுத்தையெல்லாம் வாசித்தான். வாசித்தது ஒன்றும் மனசில் நிற்கவில்லை.

வீட்டில் செல்லக்கனியிடம் சொல்லும்போது அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விடிந்ததும் அவன் மஞ்சப் பையை எடுத்தபோது, புளி போட்டுத் தேய்த்த பித்தளைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் பிறந்த வீட்டில் இருந்து வந்த தட்டு.

"தட்டு மாத்தப் போறவுக அவுக தட்டுலயேவா வச்சுக் குடுப்பீக. வெக்கக்கேடு," என்றாள். "புது வெத்தல வாங்கிக்கோங்க. அது சொத்தையாப் போச்சு."

டீக்கடையில் எல்லாரையும் உட்கார வைத்து உண்மையைச் சொன்னான். தட்டில் வெட்டியிருந்த எழுத்தையும் வாசித்துக் காட்டினான். உக்கிரபாண்டி எழுந்தே விட்டான்.

"நேத்து பொய்யி சொன்னீரு. உம்மளை நம்பித்தான அனுப்புனோம். நான் போயிருந்தா தட்டத் தட்டி விட்டுட்டு வந்திருப்பேன்."

"நீ வாங்கி வேட்டியையும் கெட்டிக்கிட்டு வந்திருப்ப," என்றாள் கிருபாபாய். "உக்காருலே. அவரு வந்து சொல்லுதாரு. சொல்லாம மேஸ்திரியா வந்து நின்னா நம்மளால என்ன செய்ய முடியும்?"

பிறகு பேசினார்கள். நேற்று பேசின மாதிரி ஒருவர் சொல்ல மற்றவர்கள் தலையாட்டினது இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள், ஒருவர் சொன்னதை ஒருவர் வெட்டினார்கள், டீ ஆறினது. வெறும் தட்டோடு போனால் கெஞ்சப் போனதாகிவிடும் என்றான் ஒருவன். கிருபாபாய்தான், "அவரு சொன்ன குத்தம் என்ன, பூட்டை ஒடச்சது. பூட்டைக் குடுத்துருவோம்," என்றாள். பூட்டு வாங்கினால் ரெண்டு சாவி வரும். ஒன்று தட்டில், ஒன்று தொட்டிக்குப் பக்கத்து ஆணியில், அவசரத்துக்கு. உக்கிரபாண்டி முறுமுறுத்துக்கொண்டே போய்க் கடையைத் தட்டித் திறக்கச் சொல்லி வாங்கிவந்தான்.

"இதுக்கு என்ன பேரு அண்ணாச்சி? அவரு குடுத்தா வழங்கறது. நம்ம குடுத்தா?" என்று கேட்டாள் கிருபாபாய்.

"பேரு வைக்காமப் போவோம்," என்றான் தவசிமுத்து.

மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி குவித்து வைத்திருந்தார்கள். முதலாளி வீட்டுச் சொந்தங்கள், நூல் வியாபாரிகள், லாரிக்காரர்கள் என்று கூடம் நிறைய ஆள். வேலைக்காரர்களின் வீட்டாரும் வந்திருந்தார்கள். செல்லக்கனி பெண்கள் பக்கம் தூணோடு நின்றாள். படையலுக்கு முன்னால் கத்திரிகள் வரிசையாக இருந்தன. வரிசையில் ஒரு இடம் விட்டு வைத்திருந்தார்கள். யார் விட்டது என்று யாரும் சொல்லவில்லை.

தவசிமுத்து பழைய கைலியோடு வந்ததை முதலாளி தூரத்தில் இருந்தே கவனித்துவிட்டார். பக்கத்தில் பித்தளைத் தட்டோடு வெள்ளைத்தாய் வந்ததையும் பார்த்தார். முகம் மாறினது. ஆனால் கற்பூரம் ஏற்றியாகிவிட்டது, எல்லாரும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், அவள் நேராக வந்து குனிந்து தட்டை நீட்டிவிட்டாள். வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம், புதுப் பூட்டு, ஒரு சாவி.

நல்ல நாளில் வெற்றிலை வைத்து நீட்டின தட்டை வாங்காமல் நிற்க முதலாளியின் கைக்கும் பழக்கமில்லை. வாங்கிவிட்டார்.

"நேத்து உங்க தட்டு வந்துச்சு முதலாளி," என்றான் தவசிமுத்து. "இது எங்க தட்டு. அந்தப் பொண்ணு ஒடச்ச பூட்டுக்குப் பூட்டு இருக்கு. அவ கத்திரிய வைக்கட்டும்."

நூல் வியாபாரி ஒருவர், "பரவாயில்லயே, தட்டெல்லாம் மாத்துறாங்க," என்று சிரித்தார். முதலாளியும் சிரித்தார். சிரித்த முகம் மாறாமல் தவசிமுத்துவின் காதுப் பக்கம் குனிந்தார்.

"ரெண்டும் சேந்து நடக்காது தவசி. நீ மேஸ்திரியா, இல்ல இவ உள்ள வரணுமா? ஒண்ணுதான். இப்பவே சொல்லு."

தவசிமுத்து இருமலை அடக்கினான். மஞ்சப் பை கக்கத்தில் இருந்தது. உள்ளே வேட்டி, துண்டு, பேர் வெட்டின தட்டு. தொட்டியை விட்டு வெளியே நிற்கிற ஒரு காலை நேரத்தை நினைத்துப் பார்த்தான். காற்றில் ஒரு நெடியும் இல்லாத காலை நேரம். அது நன்றாகத்தான் இருந்தது.

"ஒரு நிமிஷம் முதலாளி," என்றான். "கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவன் திரும்பிப் பெண்கள் பக்கம் நடந்தான். கூடமே பார்த்தது. தூணோரம் நின்ற செல்லக்கனிக்கு அவன் தன்னிடம்தான் வருகிறான் என்று முதலில் புரியவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ரெண்டுல ஒண்ணுங்காரு," என்றான் மெதுவாக. "வேட்டியா, அந்தப் பிள்ளையா. என்ன செய்ய?"

செல்லக்கனி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும். இத்தனை சனத்துக்கு நடுவுல."

அவள் கண் அவன் தோளைத் தாண்டிப் போய், கிருபாபாய் மேஜையில் இருந்து எடுத்துக் கொடுத்த கத்திரியைப் பிடித்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்கிற வெள்ளைத்தாய் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவன் கையைப் பார்த்தது, ரேகை இல்லாத விரல்களை.

"அந்தப் பிள்ளைய கத்திரிக்குப் பொட்டு வைக்கச் சொல்லுங்க," என்றாள். "கற்பூரம் அணையப் போகுது."

தவசிமுத்து திரும்பிப் போய் மஞ்சப் பையை முதலாளி நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தான். வெள்ளைத்தாய் வரிசையில் விட்ட இடத்தில் கத்திரியை வைத்தாள். அவசரத்தில் வைத்த குங்குமம் ஒரு பக்கமாக வழிந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி கொடுத்தார்கள்.

தீபாவளிக்கு முன்னாலேயே மேஸ்திரி வேலை உக்கிரபாண்டிக்குப் போனது. அவன் தட்டை வாங்குவதற்கு முன் டீக்கடைக்கு வந்து எல்லாரையும் ஒவ்வொருவராகக் கேட்டான். தவசிமுத்துவிடம் கடைசியாக வந்து, "அண்ணாச்சி, நீங்க வேண்டாம்னா வேண்டாம்," என்றான். தவசிமுத்து, "வாங்கிக்கலே," என்று சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போனான். கட்டின கம்பி அவிழ்ந்து பின்கதவு திறந்து கிடந்தது. ஆணியில் சாவி தொங்கினது. காற்று வந்தது, நெடியும் இருந்தது.

அன்று சாயந்திரம் இருமி முடித்து நெஞ்சைத் தடவிக்கொண்டே செல்லக்கனியிடம் சொன்னான்.

"அன்னைக்கு அந்த மனுஷன் மோரைக் குடுத்துட்டு, தவசி, உனக்கு மேஸ்திரி வேலை குடுக்கலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்லுதன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா…"

"சரின்னுருப்பீக," என்றாள் அவள்.

"சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, பித்தளைத் தட்டை எடுத்துப் பானையை மூடினாள். முதலாளி வீட்டில் இருந்து அந்தத் தட்டு மட்டும் பூஜைக்கு மறுநாளே திரும்பி வந்திருந்தது, வெறும் தட்டாக. ரெண்டு தடவை நகர்த்தின பிறகுதான் பானை வாயில் சரியாக உட்கார்ந்தது.